சொட்டு என்கிற லிண்ட்சே பாஸ்கோ

மெல்போர்னிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் எங்கள் நுல்லபின் ஊரில் ஒருவரை அவருடைய சொந்தப் பெயரால் கூப்பிட்டால் அவர்மேல் ஏதோ கோபம் என்று அர்த்தம். செம்பட்டைத் தலைக்காரனுக்கு இங்கே நீலம் என்று பெயர். ஆறரை அடி உயர டிராக்டர் மெக்கானிக்கை ஊரே குட்டையன் என்கிறது. கோதுமைக் கிடங்கின் மேலாளர் லேசில் வாய் திறக்கமாட்டார், அவர் பெயர் ரேடியோ. தபால் நிலையத்துக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் மாதம் திண்டாடித்தான் போவார்கள். உறையின்மேல் எழுதியிருக்கும் பெயர்களில் பாதியை ஊருக்குள் யாரும் சொல்லி அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். பட்டப்பெயர் இல்லாதவன் இன்னும் வந்து சேராதவன், பெயர் வைத்துவிட்டால் சேர்த்துக்கொண்டாயிற்று. எங்கள் ஊர் வழக்கம் அப்படி.

லிண்ட்சே பாஸ்கோவுக்கு வாய்த்த பெயர் சொட்டு.

கவுன்சிலில் இருபத்தெட்டு வருஷமாகத் தண்ணீர்க் குழாய் வேலை அவருக்கு. வருஷத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் மழை பெய்தாலே கொண்டாடுகிற ஊரில், எந்தத் தெருவில் குழாய் கசிந்தாலும் அடுத்த அரைமணியில் அவர் வண்டி அங்கே நிற்கும். வண்டிக் கதவில் யாரோ பெயிண்டால் சொட்டு என்று எழுதி, பக்கத்தில் ஒரு துளியும் வரைந்துவிட்டார்கள். கவுன்சில்கூட அதை அழிக்கவில்லை. கால்பந்து கிளப்பின் சுவரில் மாட்டியிருக்கும் பலகையில் இருபத்தைந்து வருஷ உறுப்பினர் வரிசையில் அவர் மட்டும் சொட்டு பாஸ்கோ. அவருடைய கல்யாணக் கேக்கின் உச்சியில் சர்க்கரையில் செய்த ஒரு குழாய் இருந்தது.

"தண்ணி வேலை பாக்கறதால வந்த பேரா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று சிரிப்பார். மில்டுராவிலிருந்து நர்ஸாக வந்து அவரைக் கட்டிக்கொண்ட லியானும் அப்படித்தான் நம்பினாள். அவர்களுக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே மகள் மெரின், பேசப் பழகிய நாளிலிருந்து அவரை வெறுமனே அப்பா என்று கூப்பிட்டதில்லை. சொட்டப்பா என்றுதான் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

உண்மையில் பெயர்தான் முதலில் வந்தது, வேலை பின்னால் வந்தது. பத்து வயசிலேயே அவன் சொட்டு. ஊர் அதை மறந்துவிட்டது.

அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக் கழிப்பறை பைன் மர வரிசைக்கு அப்பால், ஆசிரியர் அறையிலிருந்து கண்ணுக்கே தெரியாத இடத்தில் இருந்தது. அங்கே ஒரு வாரமாக கார்த் ஹைன்ரிக் என்கிற ஆறாம் வகுப்புப் பையன் இன்னும் இரண்டு பேரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். மற்றவர்களை உள்ளே விட்டான். லிண்ட்சேவைப் பார்த்தால் மட்டும் குறுக்கே கை நீட்டி, உனக்கு இன்றைக்கு மூடியாச்சு என்பான். ஏன் அவனை மட்டும் என்று கேட்டால் பதில் கிடையாது. லிண்ட்சே குட்டையாக இருந்தான், சொன்னதும் திரும்பிப் போனான், அவ்வளவு போதும். வெள்ளிக்கிழமைவரை அவன் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். திங்கள்கிழமை காலை இடைவேளை முடிந்து கொடியேற்றும்போது, முழுப் பள்ளியும் வரிசையில் நிற்க, தலைமையாசிரியர் ஆடு திருட்டைப்பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருக்க, அவனால் முடியவில்லை. கால்சட்டை, காலுறை, அப்புறம் தார்த்தரை.

"சொட்டுதுடா," என்றான் கார்த்.

மதியச் சாப்பாட்டுக்குள் அது பெயராகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஓர் ஆசிரியரே அப்படிக் கூப்பிட்டார். சனிக்கிழமை கால்பந்து மைதானத்தில் யாரோ சொட்டு என்று கத்த, பக்கத்தில் நின்ற அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. ரயில்வேயில் வேலை பார்த்தவர், வெளியூர்க்காரர்.

"பேரு வச்சிட்டானுங்களா? அப்ப உன்னச் சேத்துக்கிட்டானுங்கடா," என்று மகனின் தோளைத் தட்டினார். "எனக்கெல்லாம் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம் கழிச்சுத்தான் ஒரு பேரு கெடச்சுது."

இப்படி ஒரு தப்பை எங்கள் ஊர் அப்பாவால்தான் செய்ய முடியும். அந்த மனுஷரை நான் குறை சொல்லப்போவதில்லை, மகனுக்கு நல்லது நடந்ததாக நினைத்துத்தான் சந்தோஷப்பட்டார். ஆனால் திங்கள்கிழமை அந்தக் கால்சட்டையைத் துவைத்த அம்மாவும் அது எப்படி நனைந்தது என்று கேட்கவில்லை. பள்ளியில் முன்னூறு கண்கள் பார்த்தும் ஒரு வாய் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. அப்பா தோளைத் தட்டியபோது லிண்ட்சே சிரித்தான். உதட்டின் இரண்டு ஓரங்களை மட்டும் மேலே தூக்கிவைக்கிற ஒரு சிரிப்பு. சிரித்தால் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தான். நிறுத்தவில்லை, சிரிப்பும் முகத்திலிருந்து இறங்கவில்லை.

கேலி பேசியவர்கள் மறந்துவிடுவார்கள், உடம்பு மறக்காது. லிண்ட்சே எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்த்துவைப்பார். மெல்போர்ன் பஸ்ஸில் அவர் ஏறியதே இல்லை. கூட்டம் என்றால் காலையிலிருந்து தேநீர் கிடையாது. கிளப்பில் ஒரு பீர், அதற்குமேல் எவ்வளவு வற்புறுத்தினாலும் வேண்டாம். அவர் கொஞ்சம் கஞ்சம் என்று ஊர் நினைத்தது. நாற்பது டிகிரி வெயிலில் பள்ளம் தோண்டும்போதும் உதடு வெடிக்க வெடிக்க தண்ணீர் குடிக்கமாட்டார். ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவருக்கு இரண்டுமுறை சிறுநீரகத்தில் கல். தண்ணீர் குடிக்காமல் என்ன செய்கிறீர்கள் என்று டாக்டர் திட்டினார். அப்போதும் அதே சிரிப்புத்தான்.

இதில் கார்த்தைப்பற்றிச் சொல்வதுதான் கஷ்டம், ஏனென்றால் அவர் நல்ல மனுஷர். லிண்ட்சேவும் அவரும் பத்து வருஷம் ஒரே கால்பந்து அணியில் ஆடினார்கள். லிண்ட்சேவின் வீட்டுக்கூரை காற்றில் பறந்தபோது ஏணியோடு முதலில் வந்தவர் கார்த். கேக்கின்மேல் குழாய் வைக்கச் சொன்னவரும் அவரே, அன்பினால்தான் சொன்னார். அந்தத் திங்கள்கிழமை கார்த்தின் நினைவிலிருந்து சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போயிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்தின் அம்மா இறந்தார். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் தேநீர் கொடுத்தார்கள். கார்த்தின் அக்கா பழைய கதைகளைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கப்பா பொல்லாதவர், கார்த் பன்னிரண்டு வயசுவரை படுக்கையை நனைப்பான், விடிந்ததும் அந்த மெத்தையை அவனே தூக்கிக்கொண்டு போய் முன்வேலியில் தெரு பார்க்கக் காயப்போட வேண்டும், அது காயும்வரை காலைச்சாப்பாடு கிடையாது என்றார். லிண்ட்சே கையில் பாதி தின்ற சாசேஜ் ரோலோடு நின்றுகொண்டிருந்தார். கார்த்துக்கு அப்போது ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது, தன்மேல் இருந்ததை இறக்கிவைக்க ஒரு ஆள். லிண்ட்சேவுக்குக் கோபம் வரும் என்று தோன்றியது, வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்ததில் தன் பாரம் ஒன்றும் குறையவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டார். ரோலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இந்த மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பள்ளித் தலைமையாசிரியை மிஸ் டோனல் அவரைக் கைபேசியில் கூப்பிட்டு, உடனே வர முடியுமா என்று கேட்டார். லியான் மருத்துவமனையில் ஷிப்டில் இருந்தாள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு லிண்ட்சே போனார். அலுவலக அறைக்கு வெளியே டால்பின் படம் போட்ட போஸ்டர், இங்கே கேலிக்கு இடமில்லை என்று ஏழு நிறத்தில். உள்ளே நாற்காலியில் மெரின் கால் தரையில் படாமல் உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இதுதான். மெரினின் ஐந்தாம் வகுப்பில் பெட்ரா என்று ஒரு புதுப் பெண். அவளும் அம்மாவும் அடிலெய்டிலிருந்து வந்து ஆறு வாரம்தான் ஆகிறது, அம்மாவுக்கு பேக்கரியில் வேலை. பெட்ராவுக்கு இரண்டு காதிலும் காது கேட்கும் மிஷின். இரைச்சல் இருந்தால் சரியாகக் கேட்காது, அதனால் அடிக்கடி "என்னது?" என்பாள். இரண்டாவது வாரத்தில் மெரின் அவளுக்கு என்னது என்றே பெயர் வைத்தாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. போன வருஷம் முழுக்க மூக்குக்கண்ணாடியோடு தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட மெரினுக்கு, அன்றைக்கு மதியமே பெரிய பெண்களின் பெஞ்சில் இடம் கிடைத்தது. அந்த இடம் போய்விடக்கூடாது என்று அவளும் தினம் ஒருமுறையாவது சொன்னாள். பெட்ரா வாயெடுத்தாலே முப்பது பேரும் சேர்ந்து "என்னதூ" என்று இழுத்தார்கள். கொஞ்ச நாளில் பெட்ரா கேட்பதை நிறுத்திவிட்டாள். காதில் விழாததை விழுந்ததுபோல் தலையாட்டக் கற்றுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை, அறுபது கிலோமீட்டர் தள்ளி அடுத்த ஊர் நீச்சல் குளத்தில் எல்லாப் பள்ளிகளுக்கும் போட்டி. நீந்துவதற்காக பெட்ரா மிஷினைக் கழற்றிவைத்திருந்தாள். பஸ் பின்வாசலிலிருந்து கிளம்பும் என்று ஆசிரியர் கத்தினார். அவளுக்குக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு முன்வாசலில் போய் நின்றாள். வேறு பள்ளிப் பையன் ஒருவன் தவறி இந்த பஸ்ஸில் ஏறிவிட்டதால் தலை எண்ணிக்கை சரியாக வந்தது, பஸ் போய்விட்டது. முப்பத்தொன்பது டிகிரியில் இரண்டு மணி நேரம் அந்தக் குழந்தை நின்றிருக்கிறாள். குளத்தைப் பூட்ட வந்தவர் பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து பெட்ரா பள்ளிக்கு வரவில்லை, அம்மாவிடம்கூடப் பேசவில்லை. திங்கள்கிழமைக்குள் அவள் பள்ளி திரும்பாவிட்டால் அடிலெய்டுக்கே போய்விடுவதாக அம்மா சொல்லிவிட்டார். ஏன் நீ யாரையும் கேட்கவில்லை என்று விசாரித்ததற்கு, பெட்ரா ஒரே ஒரு வரி எழுதிக் காட்டியிருந்தாள். கேட்டால் சிரிப்பார்கள் என்று.

மெரினுக்கு அழுகை முட்டிக்கொண்டிருந்தது, ஆனால் தான் செய்தது என்ன என்று அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"எல்லாருக்கும்தான் பேரு இருக்கு," என்றாள். "சொட்டப்பாவுக்கும் இருக்கு. அவரு ஒரு நாளும் கோவிச்சுக்கிட்டதில்ல. பெட்ராவும் கோவிச்சுக்கல மிஸ். அவளும் சிரிச்சா."

"எப்படிச் சிரிச்சா?" என்று கேட்டார் லிண்ட்சே.

மெரின் யோசித்தாள். பிறகு உதட்டின் இரண்டு ஓரங்களையும் மேலே தூக்கிக் காட்டினாள். தினம் சவரம் செய்யும்போது லிண்ட்சே கண்ணாடியில் பார்க்கிற சிரிப்பு. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லலாமா என்று மிஸ் டோனல் கேட்டார். கடிதம் இருக்கட்டும், நான் இவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று லிண்ட்சே எழுந்தார்.

வீட்டுப் பக்கம் திரும்பாமல், ஊருக்கு வெளியே பம்ப் ஷெட் அருகே வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைத்தபிறகும் இரண்டு கையும் ஸ்டீயரிங்மேலேயே இருந்தன. லியானிடம் சொல்லாதது, செத்துப்போன அப்பாவிடம் சொல்லாதது. சொல்லாமல் இருந்துவிட்டால் மகள் ஒரு கடிதம் எழுதுவாள், வாத்தியார் சொன்னதால் எழுதுவாள், அடுத்த வருஷம் வேறு ஒரு குழந்தைக்குப் பெயர் வைப்பாள். சொன்னால் இனிமேல் அவள் தன்னை எப்படிப் பார்ப்பாளோ தெரியாது. வெட்கமாக இருந்தது, நாற்பத்தொன்பது வயசில் பத்து வயசு வெட்கம். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். இத்தனை வருஷம் அடைத்துவைத்திருந்ததைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மெரின் முதலில் கேட்டது, எவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்தீர்கள் என்று. காலையிலிருந்து என்றார். யார் உள்ளே விடாதது என்று கேட்டாள். சொன்னார். அவளுக்கு அறுவடை இயந்திரத்தில் மடியில் உட்காரவைத்து ஸ்டீயரிங் பிடிக்கக் கொடுக்கிறவர் கார்த்.

"கார்த் அங்கிளா?" என்றாள். அம்மாவுக்குத் தெரியுமா என்றாள், தெரியாது என்றார்.

"அப்ப ஏன் சிரிச்சீங்க?"

"சிரிச்சா விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். சிரிச்சதாலதான் விடல போல."

மெரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் அப்படித்தானே கூப்புடறேன்," என்றாள். "நான் கூப்புட்டப்பவும் அப்படித்தான் இருந்துச்சா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நீ சொன்னால் இனிக்கும் என்று எந்த அப்பாவும் சொல்லுவான், நானும் சொல்லியிருப்பேன். லிண்ட்சே அவள் பக்கம் திரும்பினார்.

"அப்பவும்தான் கண்ணு."

அவள் அழுத அழுகையைப்பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை. அவர் தடுக்கவில்லை, முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அழுது முடித்து மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துவிட்டு, பெட்ரா இப்போது எங்கே இருப்பாள் என்று அவளேதான் கேட்டாள்.

பெட்ரா பேக்கரியில்தான் இருந்தாள். பள்ளிக்குப் போகாததால் அம்மா அவளைக் கண்ணெதிரிலேயே, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்து மேஜையில் உட்காரவைத்திருந்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக் கூட்டம். பலகாரம் வாங்க ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், கடைசியில் கார்த். அந்த நேரத்துக்கு அவர் அங்கே இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

"என்ன சொட்டு, எங்க குழா ஒடஞ்சுது?" என்றார். வரிசை சிரித்தது. லிண்ட்சேவின் உதடும் பழக்கத்தில் மேலே போயிற்று. மெரின் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு நேரே மேஜைக்குப் போனாள்.

மெரினைக் கண்டதும் பெட்ரா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவளுடைய அம்மா கையில் மாவோடு எட்டிப்பார்த்தார். மெரின் பெட்ராவின் முகத்துக்கு எதிரே நின்று, வாய் நன்றாகத் தெரியும்படி, அந்தப் பெயரை வைத்தது நான்தான், தப்பு, இனிமேல் சொல்லமாட்டேன், யாரையும் சொல்லவும் விடமாட்டேன் என்றாள். பெட்ரா நாலு நாளில் முதல்முறையாகப் பேசினாள். குரல் மிகச் சன்னமாக வந்தது.

"பரவால்ல," என்றாள். "சும்மா வெளையாட்டுக்குத்தானே." உதட்டின் ஓரங்கள் மேலே போயின.

அதோடு முடித்துக்கொண்டு வந்திருக்கலாம். மிஸ் டோனலாக இருந்தால் இரண்டு பேரையும் கைகுலுக்கச் சொல்லி அனுப்பியிருப்பார். மெரின் நகரவில்லை.

"எங்கப்பாவும் நாப்பது வருஷமா அப்படித்தான் சொல்றாரு," என்றாள், கடையில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல். "அவருக்கு சொட்டுன்னு ஏன் பேரு வந்துச்சு தெரியுமா? ஸ்கூல்ல டாய்லெட்டுக்கு விடாம கதவுல நின்னுக்கிட்டாங்க. எல்லார் முன்னாடியும் நனஞ்சு போயிட்டாரு. அதனால. அவருக்கு அந்தப் பேரு புடிக்கவே புடிக்காது. ஆனா சிரிப்பாரு."

லிண்ட்சேவுக்குக் காது இரண்டும் கொதித்தன. மகள்மேல் கோபம் வரவில்லை, ஓடிப்போய்விடலாமா என்றுதான் தோன்றியது, கதவு இரண்டடி தூரத்தில் இருந்தது. கார்த் கையிலிருந்த பத்து டாலரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஏதோ மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

பெட்ராவின் உதடு கீழே இறங்கியது. முகம் கோணிற்று. கண்ணீர் வந்தது.

"எனக்கும் அது புடிக்கல," என்றாள்.

அவள் அம்மா மேஜையைச் சுற்றிவந்து அவளை அணைத்துக்கொண்டார். ஒரு மாதமாக அந்தப் பெண் வீட்டில்கூடச் சொல்லாத வார்த்தை அது. எத்தனை சின்ன வார்த்தை என்று லிண்ட்சே நினைத்தார். தான் அதை யாரிடமும் சொன்னதே இல்லை, இப்போதும் தனக்காக மகள்தான் சொல்லியிருக்கிறாள். அவர் பெட்ராவின் மேஜைப்பக்கம் இரண்டு எட்டு வைத்தார். ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற கிடங்கு மேலாளர் ரேடியோவுக்கே அது காதில் விழவில்லை.

பெட்ரா அம்மாவின் தோளிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"என்னது?" என்று கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. லிண்ட்சே அவள் உயரத்துக்குக் குனிந்தார். அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக, கார்த்துக்கும் கடையிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, இன்னொருமுறை சத்தமாகச் சொன்னார்.

"எனக்கும் புடிக்கலம்மா. என் பேரு லிண்ட்சே."